சவுதிப் பெட்டியில் சுவிஸ் கலியாணம்

பழைய அம்ப்ளிபயரையும் புது டிவியையும் இணைத்து வைப்பது, கோபத்தில் இருக்கும் இரண்டு சகலன்மாரை ஒரே பந்தியில் இருத்துகிற வேலை: இரண்டு பேரும் நல்லவர்கள்தான், ஒருவர் பேசுவது மற்றவருக்கு ஏறாது.

நான் இருப்பது வேலணையில். முன்பு கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டினேன். இப்போது தீவுப்பகுதி முழுக்க இந்த இணைப்பு வேலைதான். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஒரு பழைய செற் இருக்கும். சவுதிக்கோ குவைத்துக்கோ கப்பலுக்கோ போன தகப்பன் கொண்டு வந்தது, இடப்பெயர்வுகளில் தொலைந்தது போக மிஞ்சியது. முகத்தில் ஊசி ஆடுகிற அம்ப்ளிபயர் ஒன்று, ஆள் உயரத்தில் பாதி வரும் மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு. சுவரில் தொங்குவது வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசில் வாங்கிய டிவி. படம் கண்ணாடி போல இருக்கும். சத்தம் மட்டும் தகரப் பேணிக்குள் இருந்து யாரோ கதைக்கிற மாதிரி வரும். அப்போதுதான் அலுமாரிக்கு மேலே இருக்கும் பழைய செற்றின் ஞாபகம் வீட்டுக்காரருக்கு வரும். அதற்குப் பிறகு என் ஞாபகம் வரும்.

உங்கள் வீட்டிலும் டிவிக்குப் பின்னால் ஒரு வயர்ப் பற்றை வளர்ந்திருக்கும். எது எங்கே போகிறதென்று தெரியாமல், எதையாவது அசைத்தால் எல்லாம் நின்றுவிடும் என்ற பயத்தில், அந்தப் பக்கம் கூட்டாமலே விட்டிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். என் வீட்டிலும் அப்படித்தான். நாமெல்லாம் ஒரே பாடு படுகிறவர்கள் என்பதால்தான் இதையெல்லாம் மனம்விட்டுச் சொல்கிறேன்.

நெடுந்தீவில் இருந்து ஓர் அழைப்பு

போன வைகாசியில் நெடுந்தீவில் இருந்து ஒரு போன் வந்தது. பேசியது பூமணி அக்கா. ஆனால் பேச்சு அவருடையது அல்ல. பின்னால் நின்று புருசன் செல்வராசா அண்ணை சொல்லச் சொல்ல அக்கா எனக்குச் சொன்னார். நான் சொன்னதை அவருக்குக் கத்திச் சொன்னார். பத்து நிமிடத்தில் அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குறிகட்டுவானில் படகு ஏறினேன்.

அண்ணைக்கு எழுபது தாண்டிவிட்டது. சவுதியில் ஜெனரேற்றர் அறையில் வருடக்கணக்காக வேலை செய்து, காதில் முக்கால்வாசியை அங்கேயே விட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு செற்றைக் கொண்டு வந்தவர். இப்போது மாடு வளர்க்கிறார். காதுக்கு வைக்கிற மெசினும் இருக்கிறது, மேசை லாச்சிக்குள். "அதைப் போட்டால் காத்து வீசுறதுதான் கேக்குது, ஆக்கள் கதைக்கிறது கேக்கேல்லை" என்றார். டிவியை எவ்வளவு கூட்டினாலும் அவருக்கு வெறும் இரைச்சல். ஆனால் அந்தப் பெரிய ஸ்பீக்கர்களுக்கு நடுவில் கதிரையைப் போட்டு இருந்தால் மனிதக் குரல் சொல் சொல்லாக விளங்கும். அவருக்கு அது ஒன்றுதான் காது.

ஒரே மகள் சுகந்திக்கு ஆவணியில் சுவிஸில் கலியாணம். மாப்பிள்ளை அங்கே. பிள்ளை ஏற்கெனவே போய்விட்டாள். "நீங்கள் போகேல்லையோ?" என்று கேட்டேன். "மாடுகளை ஆர் பாக்கிறது?" என்றார் அண்ணை. குசினி வாசலில் தேத்தண்ணி தரும்போது பூமணி அக்கா மெல்லிய குரலில் உண்மையைச் சொன்னார். இரண்டு பேருக்கும் விசா கிடைக்கவில்லை. ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் அந்த மனிதர் மாட்டின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறார். தாய்தகப்பன் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுக்கப் போவது அங்கேயிருக்கும் அவருடைய தம்பி நடராசாவும் மனைவியும்.

கலியாணத்தை நேரலையில் போடுவார்கள், டிவியில் பார்க்கலாம். அண்ணைக்குப் பார்ப்பதில் பெரிய ஆசை இல்லை. தாரை வார்க்கும்போது ஐயர் பெண்ணின் பூட்டன், பாட்டன், தகப்பன் மூன்று பேருடைய பெயரையும் வரிசையாகச் சொல்லுவார். மூன்று தரம் சொல்லுவார். இன்னாரின் பூட்டப்பிள்ளை, இன்னாரின் பேத்தி, இன்னாரின் மகள் என்று. அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, படம் முன்னை பின்னை வந்தாலும் காரியமில்லை. அந்த இடத்திலை என்ரை பேரைச் சொல்லுவினம். அது எனக்குக் கேக்கவேணும்."

எரியும் ஓட்டை

ஓம், செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. இந்தத் தொழிலில் காரியம் கெட எத்தனை வழி உண்டோ அத்தனையையும் நான் கண்டவன். திரும்பி வரும் படகில் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

முதலாவது, பொருந்தாத ஓட்டை. பழைய அம்ப்ளிபயருக்குச் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வட்டக் குழி. புது டிவிக்காரர் அதை ஒழித்துவிட்டார்கள். பதிலுக்குச் சதுரமாகச் சின்ன ஓட்டை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம் எரியும். சத்தம் அந்த வெளிச்சமாகத்தான் வெளியே வரும். அதைத் திரும்பச் சத்தமாக்க இடையில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி வைக்க வேண்டும். வேறு சூட்சுமம் கிடையாது.

காரைநகரில் ஓய்வு பெற்ற ஒரு தம்பதி. சுவரில் டிவி பூட்டி ஆறு மாதம். நான் போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் அந்த ஓட்டையையே காணவில்லை. தடவிப் பார்த்தேன். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை இரண்டு மடிப்பாக ஒட்டி, அதற்கு மேல் வயருக்குச் சுற்றுகிற கறுப்பு ரேப்பும் ஒட்டியிருந்தது. நல்ல கைவேலை. "இதை ஆர் மூடினது?" என்று கேட்டேன். புருசன் மனைவியைப் பார்த்தார். மனைவி கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "நான்தான். பிள்ளையள் வாங்கித் தந்த டிவியிலை கடைக்காரன் உள்லைட்டை நிப்பாட்ட மறந்துபோனான், கரண்ட் வீணாப் போகுதெண்டெல்லோ நினைச்சனான்."

பாடுகிற வீடு

இரண்டாவது பயம் நேரம். இதில் என்னைவிட அதிகம் அடிபட்டது புங்குடுதீவில் ஓர் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுவதும்.

அங்கே ஒரு பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது. சொந்தக்காரர் பிரான்சில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வருவார். ஆளில்லாவிட்டாலும் விடியப்புறம் வீட்டில் தேவாரம் கேட்கவேண்டும், வீடு செத்துக் கிடக்கக்கூடாது என்று அவருக்கு ஆசை. சொல்கிறபடி பாடுகிற சின்ன ஸ்பீக்கர் ஒன்றை அவருடைய தகப்பனின் பழைய அம்ப்ளிபயருடன் சேர்த்துக் கொடுத்தேன். நேரத்தை அவர் பிரான்சில் இருந்தபடி தன் போனிலேயே வைத்துக்கொண்டார். அவருக்கு இரவு ஒன்றரை என்றால் இங்கே காலை ஐந்து. முதல் நாள் பூட்டிய வீடு பாடியபோது அயலில் சிலர் திருநீறு பூசிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒரு கிழமையில் பழகிவிட்டது. ஒரு மாதத்தில் யாரும் மணிக்கூட்டில் அலாரம் வைப்பதில்லை. வீடு பாடினால் எழும்புவது, அடுப்பை மூட்டுவது, முதல் பஸ்ஸைப் பிடிப்பது என்று ஒழுங்கை நல்ல ஒழுங்காக நடந்தது.

ஒக்டோபர் கடைசி ஞாயிறில் பிரான்சில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள் என்பது அந்த ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அடுத்த நாள் திங்கட்கிழமை வீடு ஆறு மணிக்குத்தான் பாடியது. முதல் பஸ் ஆளில்லாமல் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. ஒரு வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினார். எதிர்வீட்டு ராசம்மா அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக் தவறியது. வீட்டுக்காரர் தூரத்தில், நான் கிட்டத்தில். ஆகவே திட்டு எனக்கு. ராசம்மா அக்கா போனில் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அவர் பிரான்சிலை கூட ஒரு மணித்தியாலம் நித்திரை கொள்ளுறதெண்டால் கொள்ளட்டும், தம்பி. எங்களையும் ஏன் சேர்த்துக் கிடத்துறார்?"

அறுகரிசி

அதிலிருந்து யார் நேரம் சொன்னாலும், எந்த நாட்டு நேரம் என்று கேட்காமல் விடுவதில்லை. சுகந்தியின் கலியாண அட்டையில் காலை பதினொரு மணி என்று இருந்தது. நெடுந்தீவுக்கு அது பிற்பகல் இரண்டரை. அதைச் செல்வராசா அண்ணை வீட்டுச் சுவரில் கரிக்கட்டியால் எழுதிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

மூன்றாவது பயம் சனங்கள். மெசினைத் திருத்தலாம். அன்பை என்ன செய்வது? எங்கள் ஊரிலேயே ஒரு வீட்டில், மகனுக்கு லண்டனில் நடந்த கலியாணத்தை டிவியில் போட்டுப் பழைய செற்றுடன் இணைத்துக் கொடுத்தேன். இருபது பேர் பட்டு உடுத்து வந்து இருந்தார்கள். டிவிக்குக் கீழே ஒரு முக்காலியில் அம்ப்ளிபயர். சூடு போவதற்காக அதன் தலையில் வரிசையாக நீளத் துளைகள் இருக்கும். தாலி ஏறி, அறுகரிசி போடுகிற நேரம் வந்தது. அங்கே மண்டபத்தில் சனம் எழும்பியது. இங்கேயும் எழும்பிவிட்டார்கள். வீட்டுக்காரம்மா ஒரு தட்டத்தில் மஞ்சள் கலந்த அரிசியும் அறுகம்புல்லும் ஆயத்தமாக வைத்திருந்தார். அது எனக்குத் தெரியாது. வரிசையில் வந்து டிவியில் தெரிந்த மாப்பிள்ளை, பெண் இருவரின் தலையிலும் மூன்று மூன்று தரம் போட்டார்கள். அரிசி கண்ணாடியில் பட்டு நேரே கீழே இறங்கியது.

முதலில் அரிசி வறுபடுகிற நல்ல மணம் வந்தது. அதற்குப் பிறகு சத்தம் நின்றது. நான் பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்தபோது ஒரு கை நிறைய அரிசி கொட்டியது, பாதி பொரிந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில், டிவிக்கு யாராவது அறுகரிசி போடுவார்களா என்று கேட்டுவிட்டேன். மாப்பிள்ளையின் பெரியப்பா நிதானமாகப் பதில் சொன்னார்: "நாங்கள் போட்டது பிள்ளையளுக்கு. அது எப்பிடியும் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். உம்மடை பெட்டிதானே இடையிலை மறிச்சது."

மேளம் முந்தினால்

இவ்வளவு பயத்தையும் சுமந்துகொண்டு, கலியாணத்துக்கு இரண்டு கிழமை முன்பு நெடுந்தீவுக்கு ஒத்திகை பார்க்கப் போனேன். இணையத்தில் வருகிற நேரலையைப் பிடிக்க ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து படத்தை டிவிக்குக் கொடுத்தேன். சத்தத்தை டிவிக்குக் காட்டாமல் நேரே அம்ப்ளிபயருக்குக் கொடுத்தேன். இடையில் ஆள் குறைந்தால் சத்தம் சுத்தமாக வரும் என்பது என் கெட்டித்தனம். சோதித்துப் பார்க்க, சொந்தக்காரர் ஒருவருடைய கலியாண வீடியோவைப் போட்டேன். அண்ணை ஸ்பீக்கர்களுக்கு நடுவில் இருந்தார். ஐயர் ஓதுவது அவருக்குச் சொல் சொல்லாக விளங்கியது. கண் கலங்கிவிட்டார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பூமணி அக்காவின் தமக்கையும் ஒருவர். பெரியக்கா என்பார்கள். நெடுந்தீவில் எந்தக் கலியாணத்திலும் பந்தலில் பிழை பிடிக்கிறவர். வீடியோவில் கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளையின் கை தாலியோடு இன்னும் பெண்ணின் கழுத்துக்குப் போய்ச் சேரவில்லை. மேளம் ஒரு அடி முந்திவிட்டது. பெரியக்கா எழும்பி நின்றுவிட்டார். காரியம் இதுதான்: படம் டிவிக்குள்ளே போய்ப் பவுடர் பூசிச் சோடித்துக்கொண்டு வெளியே வர நேரம் எடுக்கிறது, சத்தமோ முகம்கூடக் கழுவாமல் ஓடி வந்துவிடுகிறது. அரை விநாடிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோதான் இருக்கும். பாட்டுக் கேட்கிறவர்கள் கவனிக்க மாட்டார்கள். தாலிக்கு அது கணக்கு.

அன்றைக்கு மத்தியானம் முழுக்க வயரைக் கழற்றி, சத்தத்தையும் டிவிக்குள்ளே அனுப்பி, அந்தச் சிவப்பு வெளிச்ச ஓட்டையால் வெளியே எடுத்து, தீப்பெட்டி அளவுப் பெட்டியைப் பூட்டிச் சரிப்பண்ணினேன். இரண்டும் சேர்ந்து வந்தன. ஆனாலும் பெரியக்கா முதலில் சொன்னது காதை விட்டுப் போகவில்லை: "மேளம் முந்தித் தாலி பிந்தினால் அது கலியாணமில்லை, கதை. எங்கடை பிள்ளையின்ரை வாழ்க்கையோடை உம்மடை வயர் விளையாடக்கூடாது."

தகப்பன் பேர்

கலியாணத்தன்று முதல் படகிலேயே போய்விட்டேன். கரண்ட் போனாலும் தாங்குகிற பற்றரிப் பெட்டி ஒன்று கொண்டு போனேன். பூமணி அக்காவிடம் அரிசி புடைக்கிற சுளகு ஒன்று வாங்கி, அம்ப்ளிபயருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கூரை போலச் சரித்துக் கட்டினேன். சூடு போகும், அரிசி வராது. டிவிக்கு முன்னால் அக்கா நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்தார். பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர். அண்ணை வேட்டி சால்வையுடன் ஸ்பீக்கர்களுக்கு நடுவில் கதிரையில் இருந்தார். ஊசி ஆடுகிறதா, வயர் அசைகிறதா என்று நான் பெட்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டேன். வீடு கொள்ளாத சனம். எல்லோருக்கும் அண்ணையின் ஆசை தெரியும். அதனால் இரண்டரைக்கு ஒரு இருமல் கூட இல்லை.

சுகந்தி மணவறைக்கு வந்தபோது பூமணி அக்கா அழுதார். தம்பி நடராசாவும் மனைவியும் பெற்றோர் இடத்தில் வந்து நின்றார்கள். பிள்ளையின் கையை நடராசா பிடித்தார். ஐயர் ஓதத் தொடங்கினார். அப்படி ஒரு தெளிவை நான் என் தொழிலில் கேட்டதில்லை, பக்கத்தில் இருந்து ஓதுகிற மாதிரி. வேலுப்பிள்ளை என்று பூட்டன் பெயர் வந்தது. அண்ணை தலையை ஆட்டினார். கந்தையா என்று பாட்டன் பெயர் வந்தது. அதற்கும் ஆட்டினார். மூன்றாவது பெயராக ஐயர் "நடராசா" என்று சொன்னார்.

அந்த ஐயருக்கு நெடுந்தீவையும் தெரியாது, செல்வராசாவையும் தெரியாது. கையை நீட்டிக்கொண்டு முன்னால் நிற்கிற மனிதரைத் தகப்பன் என்று எடுத்துக்கொண்டார். அண்ணன் தம்பி என்பதால் முதல் இரண்டு பெயரும் சரியாகவே இருந்தன. ஆகவே அங்கே ஒருவரும் உடனே அசையவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. இந்த ஒரு இடத்திலாவது செற் இரைந்திருக்கக் கூடாதா, கரண்ட் போயிருக்கக் கூடாதா, ஏன் இவ்வளவு திறமாகப் பூட்டினேன் என்று என்னையே திட்டினேன். அண்ணை டிவியைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, சின்னப்பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டார், "தம்பி, எனக்குக் காது பிழையோ?" நான் குனிந்து ஊசியைப் பார்த்தேன்.

ஐயர் இரண்டாம் தரம் தொடங்கிவிட்டார். வேலுப்பிள்ளை, கந்தையா. குனிந்திருந்த சுகந்தி தலையை நிமிர்த்தினாள். மணவறையில் பெண் வாய் திறப்பதை நான் அதுவரை கண்டதில்லை. "ஐயா, கொஞ்சம் நில்லுங்கோ" என்றாள். "அப்பாவின்ரை பேர் செல்வராசா. சித்தப்பா அவருக்குப் பதிலாத்தான் நிக்கிறார். அப்பா நெடுந்தீவிலை இருந்து இப்ப கேட்டுக்கொண்டிருக்கிறார்." நடராசா தலையில் கை வைத்துக்கொண்டு, "ஓம் ஐயா, அண்ணைதான், அண்ணைதான்" என்றார். ஐயர் சிரித்துக்கொண்டு, முதலில் இருந்து தொடங்கினார்.

வேலுப்பிள்ளை. கந்தையா. செல்வராசா. அண்ணை கதிரையை விட்டு எழும்பி, பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பேர் கூப்பிடும்போது சொல்வது போல, "ஓம்" என்றார். அங்கே கேட்காது என்று அவருக்கும் தெரியும். இரண்டாம் தரம் பெயர் வந்தது. "ஓம்." மூன்றாம் தரம் வீட்டில் இருந்த சனம் முழுக்க எழும்பி நின்றது. பூமணி அக்கா செம்பை எடுத்து அவருடைய கையில் தண்ணீர் வார்த்தார். அது விரல்களுக்கு இடையால் வழிந்து, சீமெந்து நிலத்தில் ஓடி, என் பிளக்குகள் கிடந்த பக்கமாக வந்தது. இந்த நேரத்தில் நிறுத்துங்கோ என்று யார் சொல்வது? என் சால்வையைக் கீழே போட்டு அணை கட்டி, காலால் மிதித்துக்கொண்டு நின்றேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

தாலி மேளத்தோடு சேர்ந்தே ஏறியது. பெரியக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அறுகரிசி எல்லாம் சுளகில் விழுந்தது. சாப்பாடு முடிந்து, நான் நனைந்த சால்வையைப் பிழிந்துவிட்டு வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அண்ணை வந்து பக்கத்தில் குந்தினார். அம்ப்ளிபயரின் தலையைத் தடவினார். இன்னும் சூடாக இருந்தது. மெல்லச் சொன்னார்: "காது பிழையில்லைத் தம்பி. முதல் தரம் சொன்னதும் சரியாத்தான் கேட்டிருக்கு."

இருபத்தைந்து வருடமாகச் சத்தத்தோடு மல்லுக்கட்டி நான் கண்டது, ஒரு பேரைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து காதுக்குள் தெளிவாகப் போடுவது லேசு, அது சரியான பேராக இருப்பதற்குத்தான் வீட்டில் வாய் திறக்கிற ஒரு பிள்ளை வேண்டும்.